ஓய்வு வளையம்

பெட்டி நான்காவது முறையாக மாட்டேன் என்றது. அதையும் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிறவர்களின் குரலில் சொன்னது.

"தங்கள் பொறுமைக்கு நன்றி, டாக்டர் ஜெபரூபி. இந்த நோயாளிக்கு டி-3 வழங்க இயலாது."

"பொறுமையா? எங்கிட்ட அது இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கத்தினாள் ரூபி. பக்கத்தில் ஊசி போட நின்ற சிஸ்டர் ஹரிணி திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

நெடுஞ்சாலையை ஒட்டிய விபத்து மருத்துவமனை அது. காலை பதினொரு மணி. மூன்றாம் படுக்கையில் கிடந்தவன் பெயர் தரணி, வயது நாற்பத்து மூன்று, முட்டை லாரி ஓட்டுகிறவன். விடிந்தும் விடியாததுமாக வண்டியின் முன்டயர் வெடித்து, நடுத்திட்டில் மோதி, ஸ்டியரிங் அவன் நெஞ்சில் இடித்திருந்தது. ஒரு லோடு முட்டையும் ரோட்டில். தூக்கி வந்தவர்களின் செருப்பெல்லாம் மஞ்சள் கரு. வார்டு முழுக்கப் பச்சை முட்டை வாடை அடித்தது. நாலு தடவை துடைத்தும் போகவில்லை.

விலா எலும்பு இரண்டு விரிசல், அவ்வளவுதான். ரத்தக் கசிவு கிடையாது, குழாய் அடைப்பு கிடையாது. ஆனால் இதயம் மட்டும் வேலை செய்ய மாட்டேன் என்றது. நூற்றுக்கு அறுபது பங்கு ரத்தத்தை வெளியே தள்ள வேண்டியது, இருபத்திரண்டைத் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தது. ரத்த அழுத்தத்தைத் தூக்குகிற மருந்துகள் எல்லாம் உச்ச அளவில் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் திருகினால் திருகுக் குமிழ்தான் கையோடு வரும்.

இதற்கு மருந்து இருக்கிறது. டி-3 என்கிற தைராய்டு ஹார்மோன். நரம்பில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் பலன் தெரியும். அந்த மருந்து மூன்றாம் படுக்கைக்கு நாலடி தூரத்தில், பெட்டியின் இரண்டாம் இழுப்பறைக்குள் இருந்தது. பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் மருந்துக்காவல். அதன் அனுமதி இல்லாமல் இழுப்பறை திறக்காது.

"காரணம் சொல்லு," என்றாள் ரூபி.

"நோயாளியின் ஓய்வு வளையத்தில் கடந்த ஆயிரத்து நூறு நாள் பதிவுகள் உள்ளன. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்தாறு. இதயம் விபத்துக்கு முன்பே பலவீனமானது. நீண்டகாலத் தைராய்டு குறைபாடு தெளிவாகத் தெரிகிறது. இத்தகைய இதயத்தில் டி-3 வேகமாக ஏறினால் உயிருக்கு ஆபத்து."

"ரத்தத்துல தைராய்டு அளவு பாத்தேனே, பழைய குறைபாடு மாதிரி தெரியலியே!"

"அடிபட்ட நேரத்தில் எடுத்த ரத்தத்தை விட மூன்றாண்டுப் பதிவு நம்பத்தக்கது."

அது சொன்னது நியாயம். ரூபிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியதே அதனால்தான். முட்டாள்தனமாகப் பேசினால் திட்டிவிட்டு மேலதிகாரிக்குப் போன் போடலாம். நியாயம் பேசுகிற பெட்டியை என்ன செய்வது?

போதாக்குறைக்கு அந்தப் பூட்டைப் போடச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஞானதுரை என்று ஒரு தச்சர், இதே போல நெஞ்சில் அடிபட்டு வந்தார். அவருடைய இதயம் பல வருஷமாகவே தளர்ந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. ரூபி டி-3 ஏற்றினாள். இதயம் தறிகெட்டு ஓடி, கால் மணி நேரத்தில் நின்றது. அப்போதும் அவருடைய அளவுகோல் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதன் பிறகுதான், நோயாளிக்குப் பழைய பதிவு இருந்தால் அதைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தரக்கூடாது என்று பத்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது கையெழுத்து அவளுடையது.

ஆகவே பெட்டியை உடைக்கவும் கை வரவில்லை, சும்மா இருக்கவும் மனசு வரவில்லை. "சவத்து மூதி," என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனாள். முப்பது வருஷமாகக் கொங்குச் சீமையில் வேலை பார்த்தாலும் கோபம் வந்தால் அவளுக்குத் தூத்துக்குடிதான் வாயில் வரும்.

வராந்தா பெஞ்சில் தரணியின் மனைவி நிவேதா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு முகம் கொஞ்சம் அதிகமாகவே ஊதியிருந்தது. அழுத முகம் என்று ரூபி நினைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் தகரக் கூரை வெடித்துக்கொண்டிருக்க, அந்தம்மா முழுக்கைச் சுவெட்டர் போட்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, காத்தால இருந்து உள்ள போறீங்க, வாறீங்க, ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறீங்களே. எங்கூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருங்களா?" கரகரத்த குரல். தொண்டை கட்டியிருந்தது.

"உக்காருங்கம்மா. நெஞ்சில பலமா அடி விழுந்தா இதயம் திகைச்சுப் போயிரும். கிழியல, அடைக்கல. ஆனா வேலை மறந்து நிக்குது. அந்த நேரம் பாத்து உடம்புல தைராய்டு சுரப்பும் படுத்துரும். அந்தச் சுரப்பை நாம வெளிய இருந்து குடுத்தா இதயம் எந்திரிச்சு ஓட ஆரம்பிக்கும்."

"அப்பக் குடுங்க!"

"குடுக்க முடிஞ்சா இங்க ஏன் நிக்கேன்? அவருக்கு ஏற்கெனவே இதயம் வீக்குன்னு பெட்டி சொல்லுது. வீக்கான இதயத்துக்கு இந்த மருந்து எமன். அதனால கேக்கேன், உள்ளதைச் சொல்லுங்க. அவருக்கு நடந்தா மூச்சு வாங்குமா?"

"அவருக்கா? ரெண்டு பேரு தூக்கற முட்டை அட்டைக் கட்ட ஒருத்தரா தூக்குவாருங்க."

"கால் வீங்குமா? குளிர் தாங்க மாட்டாரா?"

"மார்கழியிலயும் ஃபேன் போடச் சொல்லுவாருங்க. அதுக்கே எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. காய்ச்சல் தலவலின்னு ஒரு நாள் படுத்ததில்லீங்க அவரு."

"மூணு வருஷமா அவருக்கு நாடி நாப்பத்தாறு ஓடுதுன்னு வளையம் சொல்லுதே!"

நிவேதா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஓய்வு வளையம் என்பது டிரைவர்களுக்குச் சட்டம் போட்ட விலங்கு. வண்டி ஓட்டாத நேரத்தில் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கியதாக வளையம் சொன்னால்தான் லாரி கிளம்பும். தூக்கத்தோடு நாடியையும் மூச்சையும் அது குறித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்தப் பதிவுதான் ஜாதகம்.

"அந்த வளையத்தை அவருதான கட்டுவாரு?"

"அவருதானுங்க. வேற யாரு கட்டுவா?" பதில் டக்கென்று வந்தது. அதற்கு முந்திய எந்தப் பதிலும் அவ்வளவு வேகமாக வரவில்லை.

உள்ளே மணி அடித்தது. "மேடம்! பிரஷர் அறுபது!" என்று ஹரிணி கூவினாள். ரூபி ஓடினாள். நிவேதாவும் பின்னாலேயே வந்து கண்ணாடிக் கதவைப் பிடித்து மேல்மூச்சு வாங்கினாள். புருஷனின் உதடு நீலம் பாய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் கதவில் பிடித்த கை நழுவியது. சுவெட்டர் கை முழங்கை வரை சுருண்டு மேலே ஏறியது.

ரூபி பார்த்துவிட்டாள். ஊதிய மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றி ஒரு பள்ளம்.

"இது என்ன?"

"வளவி... வளவி போட்டதுங்க."

"முப்பது வருஷமா டாக்டரா இருக்கேன். எங்கிட்டயா? வளையல் போட்டா ஒத்தக் கையில இப்பிடிப் பள்ளம் விழுமா?" ரூபி அவள் தோளைப் பிடித்து உலுக்காத குறை. "அம்மா, இங்க பாருங்க. அந்தப் பதிவு அவருதுன்னா நான் மருந்தைத் தொட மாட்டேன். தொட்டா செத்துருவாரு. அது அவருது இல்லைன்னா, மருந்து குடுக்காம இருந்தா செத்துருவாரு. எதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வாயத் திறங்க!"

நிவேதா சுவெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நாந்தானுங்க கட்டுவேன். பதினோரு வருசமா. அவரு வண்டிய நிறுத்தீட்டு வந்து வளையத்த எங்கிட்டக் கழட்டிக் குடுத்துட்டு, பங்காளி வண்டிய எடுத்துட்டு அடுத்த லோடுக்குப் போயிருவாரு. நான் கட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன்."

"அட பாவிகளா!"

"நான் மட்டும் இல்லீங்க. எங்க தெருவுல அறுபத்திரெண்டு வண்டி. அத்தனை வூட்டுலயும் பொம்பளைங்கதான் கட்டிக்கறோம். தாலி ஏறுன அன்னிக்குச் சாயங்காலமே மாமியா அவங்க கையில இருந்து கழட்டி எங்கையில கட்டி வுட்டாங்க. அது ஒரு சடங்காட்டமே ஆயிப்போச்சுங்க." அவள் அழ ஆரம்பித்தாள். "இப்ப நான் வெளிய சொன்னா அறுபத்திரெண்டு வண்டியும் நின்னு போகும். நான் யாரு மூஞ்சியில முழிக்கறது?"

"வண்டி நிக்கட்டும். இந்த மனுசன் நின்னுட்டா என்ன செய்வீங்க?"

நிவேதா தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். கட்டிலையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். "எங்க சொல்லோணும்?" என்று கேட்டாள்.

அவளைப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பெட்டி அப்போதும் பதறவில்லை. "பதிவு நோயாளியுடையது அன்று என அறிவிக்கும் மருத்துவர் பெயர்?"

"ஜெபரூபி! ஜெபரூபி! எத்தன தடவ?"

"பதிவுக்கு உரியவர் பெயர்?"

"நிவேதாங்க. அவரு சம்சாரம்."

"இத்தகவல் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பப்படும். நோயாளியின் ஓட்டுநர் உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம். சம்மதமா?"

"சம்மதந்தானுங்க சாமி. தொறந்து தொலைங்க!"

"மூன்றாண்டுப் பதிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது. பதிவு இல்லாத அவசர நோயாளிக்கு, மருத்துவரின் பொறுப்பில் டி-3 அனுமதிக்கப்படுகிறது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

இழுப்பறை டொக்கென்று திறந்தது. இத்தனை கூத்துக்கும் காரணமான மருந்து, சுண்டுவிரல் உயரப் புட்டியில் இருந்தது.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ரூபி கட்டிலை விட்டு நகரவில்லை. ஞானதுரையின் அளவுகோல் கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்தப் பெண்பிள்ளை இப்போதும் பொய் சொல்லியிருந்தால்? பயத்தில் எதையோ சொல்லி வைத்திருந்தால்? தரணியின் நாடி கொஞ்சம் ஏறியபோது மருந்தை நிறுத்தக் கையை நீட்டினாள். ஆனால் நாடி தறிகெட்டு ஓடவில்லை. அழுத்தம் அறுபத்தெட்டு ஆயிற்று. எழுபத்தைந்து. ஒரு மணிக்குத் தொண்ணூறைத் தொட்டது. இரண்டு மணிக்கு ஸ்கேன் பார்த்தார்கள். இருபத்திரண்டு தள்ளிய இதயம் முப்பத்தெட்டு தள்ளியது. உதட்டில் நிறம் வந்தது. ஹரிணி கைதட்டப் போய், வார்டு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

ரூபி தன் அறைக்குப் போய் ஆறிப்போன டீயை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய் குடிக்கவில்லை.

பெட்டி பொய் சொல்லவில்லையே. பதிவு பதிவுதான். நாற்பத்தாறு துடிப்பு, தளர்ந்த இதயம், பல வருஷத் தைராய்டு குறைபாடு, அவ்வளவும் நிஜமாக ஓர் உடம்பில் ஓடியவை. சுவெட்டர். ஊதிய முகம். கரகரத்த குரல். கதவைப் பிடித்து வாங்கிய மூச்சு. காலையில் இருந்து அந்தம்மா கண் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தாள். அறிகுறி ஒவ்வொன்றையும் ரூபி தன் வாயாலேயே கேட்டாள், ஆளை மாற்றி.

"எனக்குக் கூறு கெட்டுப் போச்சு," என்று சத்தமாகவே சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள்.

நிவேதா பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். புருஷன் பிழைத்துக்கொண்டான் என்று ஹரிணி சொல்லியிருந்ததால் முகத்தில் தெளிவு இருந்தது. ரூபி பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் விழுந்த மணிக்கட்டை எடுத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். நாற்பத்தாறு.

"ஏனுங்க? எனக்கென்னங்க? உக்காந்து தின்னு தின்னு ஒடம்பு பெருத்துப் போச்சு, அவ்வளவுதான்."

"எத்தன வருஷமா குளிருது?"

"அது... நாலஞ்சு வருசம் இருக்குமுங்க."

"இவ்வளவு மோசமான பதிவு வந்தா அந்த வளையம் சும்மா இருக்காதே. எச்சரிக்கை அனுப்பணுமே. ஒண்ணுமே வரலியா?"

"வருமுங்களே!" நிவேதா சிரித்தாள். "மாசாமாசம் அவரு போனுக்கு வரும். 'தங்கள் இதயம் களைத்திருக்கிறது, உடனே மருத்துவரை அணுகவும்'னு. அவரு அதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவாரு. 'எருமையாட்டம் இருக்கறேன், எனக்கா இதயம் களைச்சிருக்குது, இந்த மெஷினுக்குப் பைத்தியம்'னு சொல்லிச் சிரிப்பாரு. நானுஞ் சிரிப்பே..."

பாதியில் நின்றுவிட்டாள். டாக்டரின் விரல் இன்னும் தன் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்தாள்.

"அது எனக்கு வந்த லெட்டருங்களா?" என்று கேட்டாள்.

ரூபி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுபடியும் பெட்டியிடம்தான் போக வேண்டியிருந்தது. புது நோயாளி என்று நிவேதாவின் பெயரைக் கொடுத்தாள்.

"இந்தப் பெயரில் முந்தைய பதிவு எதுவும் இல்லை. ஆறு மாதம் கண்காணித்த பின்னர் சிகிச்சை பரிசீலிக்கப்படும்."

"பதிவு இருக்குல்லா! மூணு வருஷப் பதிவு, உங்கிட்டயே இருக்குல்லா!"

"அப்பதிவு செல்லாது என இன்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர், டாக்டர் ஜெபரூபி. தங்கள் பொறு—"

ரூபி அதன் திரை மேல் ஈரத் துண்டை எறிந்தாள். ஒரு மனுஷியின் பதினோரு வருஷ மூச்சும் நாடியும் புருஷன் பெயரில் இருந்தவரை செல்லுபடி ஆயிற்றாம். அவள் பெயருக்கு வந்ததும் செல்லாதாம். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

பிறகு பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தாள். மெல்ல எழுப்ப வேண்டிய இதயத்துக்கு டி-3 தேவையில்லை. தைராய்டு மாத்திரை போதும், மிகச் சின்ன அளவில், தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும். அதற்கு எந்தப் பெட்டியின் தயவும் வேண்டாம். கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிவேதாவை நான்காம் படுக்கையில் சேர்க்கச் சொன்னாள்.

படுத்ததும் நிவேதா செய்த முதல் காரியம் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டது. "அக்கா, உங்கூட்டு மாமன் போனை எடுத்து, வளையத்து லெட்டர் என்ன வந்திருக்குதுன்னு பாருங்க. சிரிக்காதீங்க. மொதல்ல படிங்க," என்றாள். அதன் பிறகு அடுத்த வீட்டுக்கு. தெரு முடியும்வரை போட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ரூபி வேலைக்கு வந்தபோது வாசலில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் புருஷனின் போன். ஒருத்திக்கு ரத்தச் சோகை என்று இரண்டு வருஷமாக எச்சரிக்கை, ஒருத்திக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதாம். எல்லாவற்றிலும் ஆண்களின் பெயர். "ஒரு நாளைக்கு நாப்பது பேரை நான் எப்பிடிம்மா பாப்பேன்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே ரூபி முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

அன்று மத்தியானம்தான் தரணிக்கு மூச்சு விட வைத்திருந்த தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கண் திறந்து கூரையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான், பக்கத்துக் கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்திருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஏன் அங்கே படுத்திருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் படுத்திருந்தால் அதற்கு அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"வளையத்தக் கட்டீட்டயா?" என்றான், குரல் உடைந்து. "நாளைக்கு லோடு இருக்குது."

வந்த கோபத்தில் ரூபி வாயைத் திறந்துவிட்டாள். நிவேதா முந்திக்கொண்டாள். போர்வைக்குள் இருந்து கையை எடுத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரி கட்டிவிட்ட புது வளையம் அதில் இருந்தது.

"கட்டியிருக்கறனுங்க மாமா," என்றாள். "ஆனா இதுல எம்பேரு போட்டிருக்குது."

தரணி அதைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினான்.